உன் அண்ணனுக்கு எந்த எண்?

ஜனவரி 11

குருவிக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லால்தான் இப்போது வீட்டில் வம்பே. அதனால் விட்டுவிட்டேன்.

நீ அன்றைக்குப் போனில் பேசிய பிறகு உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். "எங்க ஆஸ்பத்திரியா இருந்தா கையெழுத்துக்காக ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க அண்ணி. மறுநாளே அண்ணன் எழுந்து நடந்திருப்பான்" என்றாய். நான் பதிலுக்குக் கத்தியதும் நல்ல பேச்சு இல்லை. அது கிடக்கட்டும். போன் செய்யலாம் என்றால் உன் அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் நம் டிரைவிங் ஸ்கூல் மேசையில், காரிலிருந்து ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

விஷயம் இது. அவருக்குப் பக்கவாதம் வந்து அந்த ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டு மூன்று மாதம் ஆனதும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், சார் எப்படி இருக்கார்?" உன் அண்ணன் முன்னால் வைத்து நான் என்ன சொல்வேன்? "நல்லா இருக்கார்." "நடக்கிறாரா?" "நடக்கிறார்." "ரொம்ப சந்தோஷம் மேடம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். அவர் ஃபைலில் பெரிதாக ஒரு பூஜ்யம். என்ன இது என்றேன். "குறையே இல்லைன்னு அர்த்தம், நீங்கதான் சொன்னீங்களே" என்றார் டாக்டர். உன் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸானவர் மாதிரி. உடனே அதற்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டார். அதைக் காட்டி லைசென்ஸ் ஆபீஸில் மறுபடி காரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்கப்போகிறாராம்.

இப்போது அவர் வகுப்பறையில் மட்டும்தான் பாடம் எடுக்கிறார். போன வாரம் பலகையில் படம் போட்டு, "வலது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி" என்று சொல்கிறார், கை இடது பக்கம் காட்டுகிறது. எல்லாரும் சிரித்தார்கள். சார் நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

ஊசி போட்டவர்கள் எந்த நாட்டில் எப்படித் தேறுகிறார்கள் என்று ஒப்பிடுவதுதானே உன் வேலை? இந்தப் பூஜ்யத்தை யார் கண்டுபிடித்தது? என் வாயால் வந்ததை நானே அழிக்க முடியுமா? கோபம் இருந்தாலும் பதில் எழுது.

அண்ணி


ஜனவரி 29

அண்ணிக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் கோட்டுப் பையிலேயே இருந்தது. பிரித்தால் கடித்துவிடுமோ என்று பயம்.

அந்த எண்கள் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை. பூஜ்யம் என்றால் எந்தக் குறையும் இல்லை. ஒன்று, சின்னக் குறை உண்டு, ஆனால் முன்பு செய்த எல்லாம் செய்ய முடியும். இரண்டு, முன்பு செய்த சிலது முடியாது, ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். மூன்றிலிருந்து அடுத்தவர் துணை வேண்டும். ஐந்து படுக்கை. ஆறு, ஆளே உயிரோடு இல்லை. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இப்படி ஓர் அளவு இல்லாவிட்டால் இங்கேயும் அங்கேயும் இருப்பவர்களை எதை வைத்து ஒப்பிடுவது?

நான் என் மேசையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். அண்ணனுக்கு ஊசி போட்ட உங்கள் ஆஸ்பத்திரியும் எங்கள் ஒப்பீட்டில் இருக்கிறது. எங்களிடம் நோயாளி வாசலில் நுழைந்ததும் ஸ்கேன், உடனே ஊசி. உங்களிடம் எல்லாமே தாமதம். மருந்து ஒன்றேதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் உங்களிடம்தான் பூஜ்யமும் ஒன்றும் குவிந்து கிடக்கிறது. எங்கள் தலைமை டாக்டர் கூட்டத்தில், "நமக்குத் தெரியாத எதையோ அவங்க சரியாப் பண்றாங்க" என்றார். நல்ல உடற்பயிற்சி தருகிறார்கள் என்றார் ஒருவர். குடும்பமாகச் சேர்ந்து கவனிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். உங்களிடம் கற்றுக்கொண்டு வர ஆள் அனுப்பலாமா என்று பேச்சு.

எங்களுக்கு வரும் பட்டியலில் பெயர் இருக்காது. ஆனால் வயது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம், "கையெழுத்துக்காகத் தாமதம்" என்ற குறிப்பு, இவற்றைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன். அந்த வரியை நான் தொடக்கூடாது என்று தலைமை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கண்ணில் பட்டது பட்டதுதானே. கடைசியில் பூஜ்யம். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். இப்போது நீங்கள் அது தப்பு என்கிறீர்கள். அந்த அழுகையை எங்கே கொண்டு வைப்பது?

நானாக எதையும் மாற்ற முடியாது. ஆனால் நாங்கள் கேட்கும் கேள்விகளை உங்களிடம் கேட்கிறேன். குளிக்கிறானா? தானே உடுத்துகிறானா? பில் கட்டுகிறானா, கடைக்குப் போகிறானா? டீயாவது போட்டுக்கொள்வானா? ஒரு வாரம் வீட்டில் தனியாக விட்டால் சமாளிப்பானா? யோசித்து, உள்ளதை எழுதுங்கள்.

தாமதம் பற்றி நான் சொன்னது தப்பு என்று இன்னமும் நினைக்கவில்லை. சொன்ன விதம் தப்பு.

குருவி


பிப்ரவரி 16

குருவிக்கு,

சொன்ன விதம் தப்பாம். ரொம்ப நன்றி.

உன் கேள்விகளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உன் அண்ணனை உளவு பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

குளிக்கிறார். சட்டைக்குப் பொத்தான் நான் போடுகிறேன். கல்யாணமான புதிதிலிருந்தே காலர் பொத்தான் என் வேலை. இப்போது எல்லாப் பொத்தானும் என் வேலை. எந்த நாளில் ஒன்று எல்லாமாக ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. முடியாமல் நிற்கிறாரா, பழக்கத்தில் நிற்கிறாரா? சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். நானும் போடுகிறேன்.

பில் அவர் என்றைக்குமே கட்டியதில்லை. டீயா? சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று நல்ல நாளிலேயே அவருக்குத் தெரியாது. முன்பும் தெரியாததை இப்போது தெரியவில்லை என்று குறையில் சேர்ப்பதா? ஒரு வாரம் தனியாக விட்டால் என்கிறாய். ஒரு வாரம் விட்டதே இல்லையே, நான் எதை வைத்துச் சொல்வேன்?

உனக்கு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அன்றைக்கு டாக்டர் என் முன்னால் காகிதத்தை வைத்து, "ஊசி போட்டா கட்டி கரையலாம். சிலருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியும். அப்படி ஆனா உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார். உள்ளே உன் அண்ணன் வாய் கோணி, ஏதோ சொல்லவந்து சொல்ல முடியாமல் கிடக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே ஆஸ்பத்திரி ஆள் நீதான். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய், எடுக்கவில்லை. அதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் "கையெழுத்துக்காகத் தாமதம்" என்று எழுதினார்களே, யாருக்காகக் காத்திருந்தேன் என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறதா?

லைசென்ஸ் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கூப்பிடுவார்களாம். அந்தப் பூஜ்யத்தைக் கண்ணாடித்தாள் உறை போட்டு வைத்திருக்கிறார்.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

அப்படி ஒரு கட்டம் இல்லை.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு இரண்டு வேலை செய்தேன். ஒன்று, உங்கள் ஆஸ்பத்திரி எப்படிக் கேட்கிறது, நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களிடம் ஒரு தச்சர். தனியாக இருப்பவர். நாங்கள் அவரிடமே கேட்டோம். சமைக்கிறார், துவைக்கிறார், கடைக்குப் போகிறார், ஆனால் ஏணியில் ஏறப் பயம், அதனால் பழைய வேலை போயிற்று. இரண்டு போட்டோம். அதே மனிதர் உங்கள் பக்கம், குடும்பத்தோடு இருந்தால் அவர் மனைவியைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த அம்மாள் "நல்லா இருக்கார்" என்றிருப்பார். பூஜ்யம். அதோடு, போனை எடுக்காதவர்களை உங்கள் ஆஸ்பத்திரி கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. இதைத் தலைமை டாக்டரிடம் சொன்னேன். கற்றுக்கொள்ள ஆள் அனுப்பும் பேச்சு நின்றுபோயிற்று.

இரண்டாவது, அண்ணனுக்கே போன் செய்தேன். நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தெளிவாகத்தான் பேசினான். பழைய கிண்டல் அப்படியே இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் இல்ல குருவி. உங்க அண்ணிதான் பயந்துபோய் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வச்சிருக்கா. பொத்தான்கூடப் போட விட மாட்டேங்கறா" என்றான். இதயம் எந்தப் பக்கம் என்று சும்மா கேட்டேன். "இடது பக்கம்தான், ஆனா உனக்கு இருக்கான்னு தெரியல" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

அதனால் எனக்கும் இப்போது புரியவில்லை. அவன் சொல்வதை நம்புவதா, நீங்கள் எழுதுவதை நம்புவதா? நீங்கள் செய்து கொடுக்கக் கொடுக்க, அவனால் முடியாததும் அவன் செய்யாததும் ஒன்றாகக் கலந்துபோகிறதோ? ஒரு வாரம் விட்டுப் பார்த்தால்தான் என்ன?

குருவி


மார்ச் 24

குருவிக்கு,

அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து என்னை நோயாளி ஆக்கிவிட்டீர்கள். இருக்கட்டும்.

நான் இப்போது வீட்டில் இல்லை. வேறொரு ஊரில், பயிற்சியாளர்களுக்கான ஒரு வார வகுப்பு. போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்ததுதான். உன் கடிதத்தைப் படித்த சூட்டில் பெயர் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது "போயிட்டு வா, எனக்கென்ன" என்றார். கார் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையல்காரரிடம், "உதவி செய்யாதீங்க, கண்ணு மட்டும் வச்சிருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புருஷனை இப்படியும் விட்டுப்போகிற பெண் உண்டா என்று நினைத்திருப்பார்.

விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி. என்னைத் தவிர யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் சமாளிக்கவில்லை என்றால் மனசு உடைந்துபோகும். சமாளித்துவிட்டார் என்றாலும் ஏனோ சந்தோஷம் வரும் என்று தோன்றவில்லை. இது என்ன புத்தி என்று எனக்கே விளங்கவில்லை. உன் அளவுகோலில் இதற்கு எண் உண்டா?

அண்ணி


ஏப்ரல் 5

குருவிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

திரும்பி வந்தேன். வீடு வைத்தது வைத்தபடி இருந்தது. "டீ போடட்டுமா?" என்று கேட்டுப் போட்டும் கொடுத்தார். சர்க்கரை அதிகம். ஆனால் டீதான். வாரம் முழுக்கப் பொத்தானே இல்லாத பனியன் சட்டைகளாகப் போட்டு ஓட்டியிருக்கிறார். இது முடிந்ததில் சேர்த்தியா, முடியாததில் சேர்த்தியா? நீயே சொல்.

ஆனால் முற்றத்தில் கார் மூக்கைச் சுவரில் இடிக்கிற மாதிரி நின்றது. நாங்கள் இரண்டு பேருமே பின்பக்கமாகத்தான் விடுவோம். அதுதான் எங்கள் முதல் பாடம். எனக்குச் சுருக்கென்றது. மாற்றுச் சாவி ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் கேட்கவில்லை.

மறுநாள் நம் பழைய மாணவர், பல் டாக்டர், வழியில் பிடித்துக்கொண்டார். மூன்று முறை தோற்று நாலாவது முறை பாஸானவர். அவர் சொன்னது இது. நாற்சந்தியில் பச்சை விழுந்தும் முன்னால் ஒரு கார் அசையவில்லை. இண்டிகேட்டர் இடது பக்கம் மினுக்குகிறது, வலது பக்கம் மினுக்குகிறது, மறுபடி இடது. பின்னால் எல்லாரும் ஹாரன். அவரும் அடித்திருக்கிறார். அப்புறம்தான் அது நம் ஸ்கூல் கார் என்று பார்த்து, தன் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாராம்.

உன் அண்ணன் கண்ணாடியை இறக்கி, "டாக்டர், இதுல இடது எது?" என்றாராம்.

பாடம் கேட்கிறார் என்று நினைத்து இவர் பயந்துபோய், "இது சார்" என்று கையைக் காட்டினாராம்.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

உடனே எஞ்சினை அணைத்து, இறங்கி, சாவியை அவர் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க" என்று சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாராம்.

வீடு வரை உன் அண்ணன் பாடம் நடத்தியிருக்கிறார். கிளட்சை மெதுவா விடுங்க, கண்ணாடியைப் பாருங்க, முன்னால சைக்கிள். "ஒரு தப்புகூட இல்ல மேடம்" என்கிறார் பல் டாக்டர். "இடது வலதை மட்டும் வாயால சொல்லல. விரலால காட்டினார்." காரை மூக்கு உள்ளே விட்டது டாக்டர்தான். அவருக்கு ரிவர்ஸ் இன்னும் வரவில்லை.

லைசென்ஸ் ஆபீஸ் பெண் என்னைப் பார்த்ததும், "சார் மனுவைத் திரும்ப வாங்கிட்டாரே, ஏன் மேடம்?" என்றாள். அங்கே தானே நடந்து போயிருக்கிறார். அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சர்க்கரை அதிகமான டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இடது வலது தெரியாதவர் சமாளிக்கிறவரா? தெரியாது என்பது தெரிந்து இறங்கிக்கொண்டவர் சமாளிக்காதவரா? படித்தவள் நீ, சொல். உன் அண்ணனுக்கு எந்த எண்?

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

புத்தகப்படி இரண்டு. அந்த வரியை நான் தொடவில்லை, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்ணாடிப் பாத்திரம் என்று அவன் சொன்னபோது நான் சிரித்தேன் அல்லவா, அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தெரியாமல் சொன்னானா, தெரிந்தும் நம்ப விரும்பிச் சொன்னானா என்றுதான் தெரியவில்லை.

இங்கே நடந்தது இது. எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே கேள்விகளை, முடிந்தவரை நோயாளியிடமே, மறுபடி கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. எடுக்காதவர்களைத் தேடிப் பிடிக்கவும் சொன்னார்கள். உங்கள் ஆஸ்பத்திரிதான் கோபிக்காமல் முதலில் ஒப்புக்கொண்டது. பாதிப் பேரைக் கேட்டு முடித்ததுமே பூஜ்யங்கள் கரைய ஆரம்பித்துவிட்டன. போனை எடுக்காதவர்களில் சிலர் உயிரோடு இல்லை. இப்போது உங்கள் ஆஸ்பத்திரியும் எங்களுடையதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. எங்கள் அவசரத்துக்கு நாங்கள் எவ்வளவோ முன்னால் இருப்போம் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. "இவ்வளவு நாளா ரெண்டு ஆஸ்பத்திரிய ஒப்பிடல, ரெண்டு கேள்விய ஒப்பிட்டிருக்கோம்" என்றார் தலைமை டாக்டர்.

தாமதத்தையும் பார்த்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். கூட்டமாக எடுத்துக்கொண்டால், சீக்கிரம் ஊசி போட்டவர்கள் அதிகமாகத் தேறுகிறார்கள். அது மெய். ஆனால் ஓர் ஆளை எடுத்து, இவருக்குக் கையெழுத்துக்காகப் போன முக்கால் மணி நேரம் எதைப் பறித்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் போட்டும் எழாதவர்கள் இருக்கிறார்கள். தாமதமாகப் போட்டும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். "மறுநாளே நடந்திருப்பான்" என்று நான் சொன்னது எந்தக் கணக்கிலும் இல்லாதது.

உங்கள் அழைப்புகளைப் பற்றியும் யோசித்தேன். எடுத்திருந்தால் "போடச் சொல்லுங்க" என்று சட்டென்று சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அது வேறு யாரோ இல்லை, என் அண்ணன். நானும் திணறியிருப்பேன்.

உங்களையும் மறுபடி கூப்பிடுவார்கள். இந்தத் தடவை போனை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

குருவி


மே 27

குருவிக்கு,

நேற்றுக் கூப்பிட்டார்கள். அதே குரல். "சார்கிட்ட பேசலாமா மேடம்?" கொடுத்துவிட்டு நான் எழுந்து போகப் பார்த்தேன். உன் அண்ணன் கையால் "உட்கார்" என்று காட்டினார். உட்கார்ந்தேன். என் முகத்தை அவர் பார்த்த மாதிரியே அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குளிக்கிறேன் என்றார். கடைக்குப் போகிறேன் என்றார். பொத்தானா, முடியும், நேரம் ஆகும், அதனால் அவள் போடுகிறாள் என்றார். முடியுமாம்! இத்தனை மாதமாக என் முன்னால் வந்து நிற்கிறவர். பழைய வேலை எல்லாம் செய்கிறீர்களா என்றார்கள்.

"வகுப்பு எடுக்கிறேன். கார் ஓட்டறதில்ல."

"ஏன் சார்?"

"இடது வலது குழம்புது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். நடு ரோட்டுல நின்னுட்டேன்."

என்னைப் பார்க்காமலே சொன்னார். எனக்குச் சொன்னாரா, போனுக்குச் சொன்னாரா? நான் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. ஒரு வாரம் தனியாக இருக்க முடியுமா? போனைக் கையால் மூடிக்கொண்டு, "போன தடவை இருந்தேனே, என்ன சொல்லட்டும்?" என்று என்னிடம் கேட்டார். இந்தத் தடவையும் என் வாயால் வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்து, "இருந்தேன். இருக்க முடியும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "முடியும், ஆனா பிடிக்கலைன்னு எழுத அதுல இடம் இருக்கா?" என்றார்.

அந்த மனிதர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. "இல்ல சார்."

"அப்ப முடியும்னே போட்டுக்கங்க."

வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். தனியாக இருப்பது பிடிக்கவில்லை என்றாரா, நான் இல்லாமல் இருப்பது பிடிக்கவில்லை என்றாரா? சர்க்கரை டப்பாவைத் தேடுவது பிடிக்கவில்லை என்றும் இருக்கலாம், உன் அண்ணனை நம்ப முடியாது. கேட்டுவிட வாய் வந்தது. கேட்கவில்லை.

உனக்குப் புரிந்தால் எழுது. இல்லை, விடுமுறை போட்டு வா. மூன்று பேரும் உட்கார்ந்து குழம்பலாம்.

அண்ணி